மணல் திட்டு

டிரைக்கோமோனாஸ் ஒரு நேர்மையான ஒட்டுண்ணி. வெள்ளைப்படுகிறது என்று வந்த பெண்ணிடமிருந்து ஒரு துளி எடுத்து, உப்புநீரில் கலந்து, சூடு ஆறுவதற்குள் மைக்ரோஸ்கோப்பில் வைத்தால் கசையிழைகளை அடித்துக்கொண்டு உலுக்கி உலுக்கி நகரும். 1836இல் பாரிஸில் அல்ஃப்ரெட் டோனே முதன்முதலாகக் கண்டதும் இதைத்தான். ஸ்லைடு காய்ந்தாலோ, அட்டெண்டர் வழியில் யாரிடமாவது பேசிக்கொண்டு நின்றாலோ அசைவு அடங்கிவிடும். ஏறத்தாழ பாதிப் பேரிடம் இந்தச் சோதனை கோட்டைவிடும் என்பதும் உண்மை. ஆனால் கண்ணில் பட்டுவிட்டால் பிறகு பேச்சே இல்லை. மெட்ரோனிடசோல் எழுதலாம், கணவனையும் வரச்சொல்லலாம், பெரும்பாலும் ஒரு வாரத்தில் வெள்ளைப்படுதல் நின்றுவிடும். சந்தேகம், சாட்சி, மருந்து, குணம் என்ற இந்த வரிசைதான் நோயறிதல் என்று நம்பிக்கொண்டுதான் தமிழ்நாட்டில் மகளிர் மருத்துவம் படித்து முடித்தேன்.

வடமேற்குத் தான்சானியாவில், விக்டோரியா ஏரிக்குத் தெற்கே சுகுமா மக்கள் வாழும் பகுதியில் ஒரு மருத்துவமனைக்கு வேலைக்குப் போனேன். அந்த வரிசை அங்கே கலைந்துபோனது.

அங்கே உள்ள நோய் பில்ஹார்சியா. சுவாஹிலியில் கிச்சோச்சோ என்பார்கள். ஷிஸ்டோசோமா ஹீமட்டோபியம் என்ற புழு, ஆணும் பெண்ணும் ஜோடியாக, மூத்திரப்பையைச் சுற்றியுள்ள சிறு சிரைகளில் ஆண்டுக்கணக்கில் குடியிருக்கும். பெண் புழு ஓயாமல் முட்டையிடும். முட்டையின் ஒரு நுனியில் முள் உண்டு. ஒரு பங்கு முட்டைகள் மூத்திரப்பைச் சுவரைத் துளைத்து வெளியேறி, குளத்தில் கலந்து, நத்தைக்குள் வளர்ந்து, மறுபடி தண்ணீரில் நிற்பவரின் தோலுக்குள் புகுந்து சுற்றை முடித்துக்கொள்ளும். மீதி முட்டைகள் வழிதவறியவை. பெண்ணின் இடுப்பெலும்புக் கூட்டுக்குள் சிரைகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. அந்த வழியாகக் கருப்பை வாய்க்கும் யோனிச் சுவருக்கும் கருக்குழாய்க்கும் போய்ச் சிக்கிக்கொள்ளும் முட்டைகளில் பெரும்பாலானவை அங்கேயே கிடக்கும். உடல் அவற்றைச் சுற்றி வீக்கம் கட்டும். முட்டை செத்த பிறகும் அதன் ஓடு சுண்ணாம்பேறி அங்கேயே தங்கிவிடும். உறவின்போது ரத்தம், அரிப்பு, வெள்ளைப்படுதல், அடிவயிற்று வலி, பிள்ளையின்மை, கருக்குழாயில் தங்கும் கரு எல்லாம் அதிலிருந்து வருபவை.

புழுவைத் தியோடர் பில்ஹார்ஸ் கெய்ரோவில் கண்டது 1851இல். அது யோனியில் வந்து நின்றதை அதே கெய்ரோவிலிருந்து மேடன் என்ற அறுவை மருத்துவர் எழுதியது 1899இல். ஆனால் கருப்பை வாயில் அது எப்படித் தெரியும் என்று படங்களைத் தொகுத்து உலக சுகாதார நிறுவனம் ஒரு கையடக்கப் புத்தகம் போட்டது 2015இல்தான். ஆப்பிரிக்காவில் 5.6 கோடிப் பெண்களுக்கு இது இருக்கலாம் என்று ஒரு மதிப்பீடு எல்லா அறிக்கைகளிலும் திரும்பத் திரும்ப வருகிறது. கண்டுபிடிக்கவே இவ்வளவு பாடாக இருக்கும் நோயை எண்ணிச் சொன்னவர்கள் மீது எனக்குக் கொஞ்சம் பொறாமை உண்டு.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி, எந்தத் தண்ணீர் என்பது. விக்டோரியா ஏரிக் கரையில் வளர்ந்தவர்களுக்கு வருவது பெரும்பாலும் குடல் பில்ஹார்சியா. அது ஷிஸ்டோசோமா மான்சோனி என்ற வேறு புழு, அதன் முட்டைக்கு முள் பக்கவாட்டில் இருக்கும். ஏரியை விட்டு உள்ளே போனால் மழைநீர் தேங்கும் குட்டைகள், மாட்டுக்கு வெட்டிய குளங்கள், நெல் வயல்கள். மூத்திரப் புழுவுக்கு அவைதான் வீடு. அதைச் சுமக்கும் புலினஸ் நத்தை, குட்டை வற்றினால் காய்ந்த சேற்றுக்குள் புதைந்து தூங்கி, அடுத்த மழைக்கு எழுந்துவிடும். ஏரி மீனவனின் மகளுக்கும் உள்நாட்டு விவசாயியின் மகளுக்கும் ஒரே புகார் இருந்தாலும் என் சந்தேகம் ஒன்றாக இராது.

நெல் வயலைப் பார்த்ததும் தஞ்சாவூர்ப் பக்கத்தில் வளர்ந்த எனக்குத் தோன்றியது, நம் ஊரில் ஏன் இது இல்லை என்பதுதான். நாமும் முழங்கால் தண்ணீரில் நின்றுதான் நாற்று நடுகிறோம், நம் வாய்க்காலிலும் நத்தை உண்டு. நம் வயலில் இறங்கி ஏறினால் சில சமயம் கால் அரிக்கும். பில்ஹார்சியாப் புழுவின் குடும்பத்தைச் சேர்ந்த மாட்டுப் புழுக்களின் குஞ்சுகள் மனிதத் தோலில் நுழைந்து, மேலே போக முடியாமல் செத்துப்போவதாலும் அந்த அரிப்பு வரும். மனிதப் புழுவுக்கு ஏற்ற நத்தை நம்மிடம் இல்லை என்பதே பெரிய காரணம். மகாராஷ்டிரத்தின் ரத்தினகிரி மாவட்டத்தில் கிம்வி என்ற ஊரில் மட்டும் இந்த மூத்திர நோய் இருப்பதை 1952இல் கட்கிலும் ஷாவும் எழுதினார்கள். இந்தியப் பாடப்புத்தகத்தில் அது ஒரு வரி. எங்கள் வகுப்பில் அந்த வரியை யாரும் அடிக்கோடிட்டதில்லை.

இனி, பார்ப்பது. வயதான பெண் என்றால் முதலில் நான்தான் ஷிக்காமூ சொல்ல வேண்டும், அவர் மரஹபா என்று ஏற்றுக்கொள்வார். அந்த வணக்கம் முடியாமல் அந்த ஊரில் எந்தப் பரிசோதனையும் தொடங்குவதில்லை. பிறகு ஸ்பெகுலம், யோனியை விரித்துப் பார்க்கும் கருவி. ஸ்பெகுலத்தை வைத்தவுடன் பார்த்து முடித்துவிடக் கூடாது. கசிவை உலர்ந்த பஞ்சால் மெல்ல ஒற்றியெடுக்க வேண்டும். அழுத்தித் துடைத்தால் ரத்தம் கசியும், பிறகு எதுவும் தெரியாது. விளக்கைப் பக்கவாட்டில் கொண்டுவர வேண்டும். கருப்பை வாயை மட்டும் பார்த்தால் போதாது, அதைச் சுற்றியுள்ள மடிப்புகளையும், ஸ்பெகுலத்தை மெதுவாகத் திருப்பி, அதன் இதழ்கள் மறைத்திருந்த யோனிச் சுவரையும் பார்க்க வேண்டும். இருந்தால், பாலாடைக்கு அடியில் நொய்யரிசி சிக்கிக்கொண்டதுபோல, சவ்வுக்குள்ளே மங்கிய மஞ்சள் துகள்கள் தெரியும். ஒவ்வொன்றும் அரை மில்லிமீட்டர்கூட இராது. விரலால் தடவினால் நெருடும், பஞ்சால் துடைத்தால் போகாது. மணல் திட்டு என்று பாடநூல் சொல்வது இதைத்தான். இன்னொரு வகைத் திட்டில் துகள் தனித்தனியாகத் தெரியாது, மஞ்சள் நிறம் மட்டும் பரவியிருக்கும். சில இடங்களில் ரத்தக் குழாய்கள் சுருண்டும் புள்ளிபுள்ளியாகவும் தாறுமாறாக ஓடும். அரிதாக, ரப்பர் போன்ற பருக்களும் உண்டு. கருப்பை வாயைப் பெரிதாக்கிக் காட்டும் கோல்போஸ்கோப்பின் பதினைந்து மடங்கு பெருக்கத்தில் துகள்கள் தெளிவாகத் தெரியும். வெறுங்கண்ணுக்குப் பழக்கம் வேண்டும்.

துகள் வகையைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம் குறைவு. மஞ்சள் திட்டு மட்டும் என்றால் தயங்குவேன். குழாய்கள் மட்டும் என்றால், வேறு பல காரணங்களாலும் அப்படி ஆகும், புற்றுநோயின் தொடக்கத்திலும்கூட. தேர்ந்தவர்களே ஒரே படத்தை ஆளுக்கொரு விதமாகப் படிப்பது ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. எனக்கு அது வியப்பில்லை. திங்கட்கிழமை காலையில் நானே பார்ப்பதும் வெள்ளிக்கிழமை மாலையில் நானே பார்ப்பதும் ஒன்றாக இருக்கும் என்று சத்தியம் செய்ய மாட்டேன்.

சரி, லேபைக் கேட்கலாமே? கேட்கிறோம். மூத்திரத்தைக் காலை பத்து மணிக்கும் பகல் இரண்டு மணிக்கும் இடையில் எடுக்க வேண்டும், முட்டை அதிகமாக வெளியேறும் நேரம் அது. பத்து மில்லியை வடிகட்டி, வடிதாளை ஸ்லைடில் வைத்துப் பார்த்தால் நுனி முள்ளோடு முட்டை கிடைக்கலாம். கிடைத்தால் அந்தப் பெண்ணின் உடலில் புழு உண்டு என்றுதான் பொருள். கருப்பை வாயில் தெரிவது அதனால்தான் என்று அது சொல்லிவிடாது. கிடைக்காவிட்டால் அதற்கும் பொருளில்லை. மூத்திரத்தில் ஒரு முட்டையும் இல்லாமல் கருப்பை வாய் நிறைய முட்டைகளோடு இருக்கும் பெண்கள் உண்டு. முதிர்ந்த வயதில், பழைய தொற்றில், அதுவே வழக்கம். பாப் ஸ்மியரில் முட்டை தென்படுவது அதிர்ஷ்டம். ஒரு துண்டு சதையைக் கிள்ளி இரண்டு கண்ணாடிக்கு நடுவே நசுக்கிப் பார்த்தால் தெரியும்தான். ஆனால் எச்.ஐ.வி. பரவலாக உள்ள ஊரில் கருப்பை வாயில் ஆறாத காயத்தை உண்டாக்கி அனுப்ப எனக்கு மனம் வராது. புற்றுநோய்ச் சந்தேகம் இருந்தால் மட்டும் எடுப்பேன். யோனியிலிருந்து எடுக்கும் பஞ்சில் புழுவின் மரபணுவைத் தேடும் பி.சி.ஆர். உண்டு. பெண்களே வீட்டில் பஞ்சு எடுத்துத் தரும் முறையை ஜாம்பியாவில் சோதித்திருக்கிறார்கள். நல்ல வழி. ஆனால் செத்துச் சுண்ணாம்பான முட்டைக்கு அதுவும் ஊமையாகிவிடுகிறது, எங்கள் லேபில் அந்த இயந்திரமும் இல்லை.

மருந்தாவது தீர்ப்புச் சொல்லுமா? பிராசிகுவான்டல், உடல் எடையில் கிலோவுக்கு 40 மில்லிகிராம், ஒரே வேளை. பெரிய மாத்திரை, கசக்கும், சாப்பாட்டோடு விழுங்கச் சொல்ல வேண்டும். வளர்ந்த புழுக்களைக் கொல்லும். திசுவில் ஏற்கெனவே புதைந்த முட்டைகளை அது ஒன்றும் செய்யாது. பெரியவர்களிடம் மணல் திட்டு மாத்திரைக்குப் பிறகும் பல மாதங்கள் அப்படியே இருக்கும். ஆகவே மறுபடி வந்து படுக்கும்போது நான் பார்ப்பது முன்பு பார்த்ததையேதான். நான் சொன்னது சரியா என்பதற்கு முன்னாலும் சாட்சி இல்லை, பின்னாலும் சாட்சி இல்லை. படித்த மருத்துவத்தில் வேறெந்த இடத்திலும் இப்படி நின்றதில்லை. முதலில் எரிச்சலாக இருந்தது. பிறகு, சந்தேகத்தின் பேரில் மாத்திரை கொடுப்பதால் இழப்பு மிகக் குறைவு, கொடுக்காமல் விட்டால் இருக்கும் புழு இன்னும் முட்டையிடும் என்ற கணக்கை ஏற்றுக்கொண்டேன்.

எங்கள் மருத்துவமனைக்கு வரும் பெண்களில் பலர் அதற்கு முன்பே ஏதாவது ஒரு சுகாதார நிலையத்துக்குப் போயிருப்பார்கள். அங்கே சுவரில் ஒரு விளக்கப்படம் ஒட்டியிருக்கும். வெள்ளைப்படுதல் என்றால் பால்வினை நோய்க்கான மருந்துகள், கூடவே கணவனுக்கும். ஸ்பெகுலம் இல்லாத, லேப் இல்லாத இடத்துக்கு அந்தப் படம் தேவைதான், அதைக் குறை சொல்லிப் பயனில்லை. குணமாகாமல் இரண்டாம் முறை, மூன்றாம் முறை அதே மருந்தோடு திரும்பும்போது வீட்டில் கேள்வி எழுகிறது. யார் யாருக்குக் கொண்டுவந்தது? அடி வாங்கியவர்கள் உண்டு, தாய்வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களும் உண்டு. நான் குளத்தைப் பற்றிக் கேட்டதும், சிறுமியாக இருந்தபோது மூத்திரம் சிவப்பாகப் போனதுண்டா என்று நர்ஸ் சுகுமா மக்களின் மொழியான கிசுகுமாவில் மொழிபெயர்த்ததும், முகம் மாறும். அந்த ஊரில் பிள்ளைகளுக்குச் சிவப்பு மூத்திரம் போவது பேசக்கூடிய விஷயம், அதில் வெட்கம் இல்லை. கணவனையும் உள்ளே கூப்பிட்டு, உனக்கும் சிறுவயதில் அப்படித்தானே என்று கேட்பேன். பெரும்பாலும் ஆமாம் என்பான். குற்றம் குளத்துக்கு மாறிவிடும்.

இதில் ஒரு கண்ணி உண்டு. குளத்தில் நின்றவளுக்குப் பால்வினை நோய் வராது என்று விதி இல்லை. கிச்சோச்சோ என்று எழுதிவிட்டு டிரைக்கோமோனாஸைத் தேடாமல் விடுவது, முன்னவர் செய்ததைத் தலைகீழாகச் செய்வதுதான். எச்.ஐ.வி. சோதனையையும் விடக் கூடாது. ஜிம்பாப்வே கிராமப் பெண்களிடம் யேட்லண்ட் குழு 2006இல் வெளியிட்ட ஆய்வில், இந்த நோய் உள்ளவர்களிடம் எச்.ஐ.வி. இருப்பதற்கான வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்காக இருந்தது. பின்வந்த ஆய்வுகள் எல்லாம் ஒரே குரலில் பேசவில்லை. இருந்தாலும் எளிதில் ரத்தம் கசியும் சவ்வு, வைரஸுக்குத் திறந்த வாசல் என்பதை விளங்கிக்கொள்ள ஆய்வு தேவையில்லை.

சிறுமிகளுக்கு ஸ்பெகுலம் வைக்க முடியாது, வைக்கவும் கூடாது. அவர்களிடம் கேள்வி மட்டுமே கருவி. புண் உண்டாகும் முன்பே புழுவைக் கொன்றுவிட்டால் பிற்காலத் திட்டுகள் குறையும் என்பதால் மாத்திரை அங்கேதான் அதிகம் பயன்படும். பள்ளிகளில் மாத்திரை கொடுக்கிறார்கள். பள்ளியை விட்டு நின்ற பெண்ணுக்கும், நாற்று நடும் அவளுடைய தாய்க்கும் அது வருவதில்லை. நோய் பரவிய ஊர்களில் இரண்டு வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும், பெரியவர்களுக்கும், முதல் மூன்று மாதம் கடந்த கர்ப்பிணிகளுக்கும் கொடுக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2022இல் சொன்னது. கொடுப்பதற்குக் கிடங்கில் மாத்திரை இருக்க வேண்டும் என்பது தனிக் கதை.

இப்போது எங்களுக்கு உதவுவது கருப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை நடக்கும் அறைதான். அங்கே எப்படியும் ஸ்பெகுலம் வைத்து, அசிட்டிக் அமிலம் தடவி, எது வெளுக்கிறது என்று நர்ஸ்கள் பார்க்கிறார்கள். அதே மேசையில் இதையும் பார்க்கச் சொல்லிக்கொடுத்தோம். 2015 புத்தகத்தின் படங்களைப் பெரிதாக அச்சடித்துச் சுவரில் ஒட்டினோம். ஒரே பெண்ணை இருவர் பார்த்து, பேசிக்கொள்ளாமல் தனித்தனித் தாளில் எழுதுவது வழக்கமாயிற்று. ஒத்துவராத தாள்களை வாரக் கடைசியில் எடுத்து வைத்துச் சண்டை போடுவோம். அமிலம் தடவிய பிறகு வெள்ளைக்கும் மஞ்சளுக்கும் வித்தியாசம் பிடிபடவில்லை என்று மூத்த நர்ஸ் ஒருவர் அப்படியொரு சண்டையில் சொன்னார். அதிலிருந்து அந்த அறையில் அமிலக் குப்பியைத் திறப்பதற்கு முன்பே ஒருமுறை பார்த்து எழுதிவிடுகிறோம். தாளில் முதலில் மூன்று கட்டங்கள்தான் இருந்தன: துகள், திட்டு, குழாய். நான்காவதாக, தெரியவில்லை என்று ஒரு கட்டம் வேண்டும் என அவரே கேட்டு வாங்கினார். அதிகம் நிரம்புவது அதுதான்.