பேரீச்சம்பழத்துக்குப் போகாத இரும்பு!

ரோட்டோரத்துல ஒரு ஜேசிபி பள்ளம் தோண்டினாலே வண்டியை ஓரங்கட்டி வேடிக்கை பார்க்கிற பரம்பரை நாம. அப்படிப்பட்ட உங்களை 1,980 டன் எடையுள்ள மெஷின் முன்னாடி கொண்டுபோய் நிறுத்தினா எப்படி இருக்கும்? வாங்க, ஜெர்மனிக்கு ஒரு ரவுண்ட் போய்ட்டு வரலாம்.

பெர்லின்ல இருந்து ஹாலே நகரத்துக்குப் போற ரயில் பாதையில, விட்டன்பெர்க் தாண்டினா கிரேஃபென்ஹைனிஷென்னு ஒரு குட்டி ஊர். (பேரைச் சொல்லிப் பழகறதுக்குள்ள ஸ்டேஷன் போயிடும், உஷார்!) பக்கத்துல ஓர் ஏரி. அதுக்குள்ள நாக்கு மாதிரி நீட்டிக்கிட்டிருக்கிற நிலத்துல அஞ்சு ராட்சத மெஷின்கள் நிக்குது. இடத்தோட பேர் ஃபெரோபோலிஸ். இரும்பு நகரம்னு அர்த்தம்.

இது ஒரு காலத்துல 'கோல்பா நோர்ட்'ங்கிற திறந்தவெளிச் சுரங்கம். கிழக்கு ஜெர்மனி கரன்ட்டுக்காகப் பழுப்பு நிலக்கரியைத் தோண்டித் தோண்டி எடுத்த பள்ளம். சுரங்கத்துல நிலக்கரியைவிடப் பெரிய தலைவலி, அதுக்கு மேல இருக்கிற மண்தான். அதை வெட்டணும், தூக்கணும், ஏற்கெனவே நிலக்கரி எடுத்து முடிச்ச பக்கம் கொண்டுபோய்க் கொட்டணும். இந்த அஞ்சு பேரும் பண்ணினது அந்த வேலைகளைத்தான். 'பிக் வீல்' தலையில, சுத்திச் சுத்தி வாளி வெச்ச ஒரு பெரிய சக்கரம். 'மேட் மேக்ஸ்'க்கு சக்கரம் கிடையாது. சைக்கிள் செயின்ல வரிசையா வாளி கட்டிவிட்ட மாதிரி ஓர் அமைப்பு. மெடூசா, ஜெமினி, மஸ்கிட்டோ மூணும் வெட்டறதே இல்லை, கொட்டறது மட்டும்தான். அந்த 1,980 டன் பார்ட்டி ஜெமினிதான். நீளம் 100 மீட்டருக்கு மேல, உயரம் பத்து மாடி. இதுக்கு எவன்யா 'கொசு'ன்னு பேர் வெச்சான்னு மஸ்கிட்டோவைப் பார்த்துக் கேட்கத் தோணும்!

நெய்வேலிக்காரங்க இந்நேரம் சிரிச்சுக்கிட்டிருப்பீங்க. ஆமா பாஸ், நம்ம மைன்ஸ்ல மண்ணு வெட்டற பக்கெட் வீலும் இதே குடும்பம்தான்.

1990-ல ரெண்டு ஜெர்மனியும் ஒண்ணாச்சு. 1991-ல கோல்பா நோர்ட்டை மூடிட்டாங்க. அது தீனி போட்ட மின்நிலையங்களும் அடுத்தடுத்து மூட, சுத்துவட்டாரமே வேலையில்லாம நின்னுச்சு. மெஷினுக்கு அதுக்கப்புறம் ஒரே வழி, காயலான் கடை. வெட்டி எடைக்குப் போட்டு பேரீச்சம்பழம் வாங்கிட வேண்டியதுதான். அப்பதான் பக்கத்து டெஸ்ஸாவ்ல இருக்கிற பவுஹவுஸ் டிசைன்காரங்க, 'இதை ஏன் வெட்டணும்? இதுதானே இந்த ஊரோட சரித்திரம்'னு குறுக்கே விழுந்தாங்க. 1995-ல ஃபெரோபோலிஸ் பிறந்துச்சு.

மெக்கானிக்கல் ஸ்டூடன்ட்டா ஒண்ணு சொல்றேன். சும்மா நிறுத்தி வெச்சா செலவில்லைன்னு நினைக்காதீங்க. இரும்பு துருப்பிடிக்கும், படிக்கட்டு இத்துப்போகும், பெயின்ட் உரியும். நிறுத்தி வைக்கவும் காசு வேணும். அதுக்குத்தான் மெஷின்களுக்கு நடுவுல 25,000 பேர் நிக்கிற மாதிரி ஓர் அரங்கம். டிசைன் பண்ணினவர் ஜொனாதன் பார்க், பிங்க் ஃபிளாய்டுக்கு மேடை போட்டவர். 1999-ல 'மெல்ட்' இசைத் திருவிழா இங்கே வந்துச்சு. ராத்திரி முழுக்கக் கலர் கலரா லைட், மேல பார்த்தா இரும்புக் கை... செம! அந்த மெல்ட்டே 2024-ல கடைசி ஆட்டம் போட்டு ரிட்டயர்டு ஆயிடுச்சு. 2009-ல 'ஸ்பிளாஷ்' ஹிப்ஹாப் திருவிழாவும் குடிவந்ததால கூட்டத்துக்குக் குறைச்சல் வரலை.

பள்ளத்துக்கு 2000-ல தண்ணி விட ஆரம்பிச்சாங்க. முல்டே ஆத்துத் தண்ணி. நிரம்பப் பல வருஷம் ஆச்சு. ஏரிக்கு கிரெமின்னு பேர். அது, சுரங்கத்துக்காக 1980-கள்ல இடிச்சுத் தள்ளின ஒரு கிராமத்தோட பேர். மெஷினைக் காப்பாத்திட்டாங்க, ஊருக்குப் பேர் மட்டும்தான் மிஞ்சிச்சு. போட்டோவுக்கு போஸ் குடுக்கிறப்போ அந்தத் தண்ணியையும் ஒரு நிமிஷம் பாருங்க.

எங்க பெரியப்பா நெய்வேலி மைன்ஸ்ல ஆபரேட்டர். ஃபெரோபோலிஸ் போட்டோவை போன்ல காட்டினேன். லேசர் லைட்டையெல்லாம் அவர் கண்டுக்கவே இல்லை. பெரிசு பண்ணி பெரிசு பண்ணி ஆபரேட்டர் கேபினைத் தேடினார். "நைட் ஷிப்ட் முடிஞ்சு வீட்டுக்கு வந்து படுத்தாலும் இதோட ஆட்டம் உடம்புல இருக்கும்டா"ன்னார். அப்புறம், "இதை ஓட்டினவங்களுக்கெல்லாம் என்ன வேலை குடுத்தாங்க?"ன்னு கேட்டார்.

"சிலருக்கு இந்த இடத்தைக் கட்டற வேலை கிடைச்சுது பெரியப்பா."

"சிலருக்கா?"ன்னு கேட்டுட்டு போனைத் திருப்பிக் குடுத்துட்டார்.