மீந்த ரொட்டியின் மொறுமொறுப்பு



ஞாயிறுகளில் காலைச் சிற்றுண்டியையும் மதிய உணவையும் ஒன்றாக்கிப் பதினொரு மணிக்கு உண்ணும் வழக்கம் நம் வீடுகளுக்குள்ளும் வந்துவிட்டது. 'பிரஞ்ச்' என்கிறார்கள். தம் சமுதாயத்தின் அதிகாலைப் பொழுதுக்காக நபிகளார் (ஸல்) பரக்கத் வேண்டித் துஆச் செய்திருக்க, அந்தப் பொழுதை உறக்கத்தில் கழிக்க இது ஒரு சாக்காகிவிடுகிறதே என்ற மனக்குறை எனக்கு உண்டு. அது தனியே எழுத வேண்டிய செய்தி. இங்கே சொல்ல வந்தது, அந்த வேளையில் பிள்ளைகள் விரும்பிக் கேட்கும் பிரெஞ்சு டோஸ்ட்டைப் பற்றி. நாம் பம்பாய் டோஸ்ட் என்று அறிந்திருக்கும் அதே பண்டம்தான்.

பிரெஞ்சுக்காரர்கள் இதனை 'இழந்துபோன ரொட்டி' என்ற பொருளில் அழைக்கிறார்கள். காய்ந்து, இனி ஆகாது என்று கைவிடப்பட்ட ரொட்டியைப் பாலும் முட்டையும் கொண்டு மீட்டெடுப்பதால் வந்த பெயர். ரொட்டியைப் பாலில் நனைத்து, எண்ணெயில் பொரித்து, தேன் ஊற்றிப் பரிமாறும் முறை பழைய ரோமானியச் சமையல் நூலிலேயே உள்ளது. ஹாங்காங் தேநீர்க் கடைகளில் இரண்டு துண்டுகளுக்கு இடையே வேர்க்கடலை வெண்ணெய் தடவி, முட்டையில் தோய்த்து, எண்ணெயில் மூழ்கப் பொரித்துத் தருகிறார்கள். பொரித்த ரொட்டி நமக்கும் புதிதன்று. நம் திருமண விருந்துகளில் பிரியாணியோடு வரும் பிரெட் அல்வா, பொரித்த ரொட்டியிலிருந்து பிறந்ததுதானே!

இப்போது பரவலாகியிருப்பது மொறுமொறுப்பான வகை. முட்டைப்பாலில் நனைத்த துண்டை கார்ன்ஃப்ளேக்ஸ் தூளில் புரட்டிப் பொரிப்பார்கள். சுவைக்குக் குறைவில்லை. ஆனால் இதற்கெனக் கடைக்குப் பட்டியல் எழுதியபோது என் மாமி கேட்டார்கள்: "ஏம்மா, நாலு துண்டு ரொட்டியக் காப்பாத்த ஒரு பாக்கெட் கார்ன்ஃப்ளேக்ஸும் ஒரு லிட்டர் எண்ணெயுமா?"

ரேஷன் வரிசையில் நின்று பிள்ளைகளை வளர்த்தவர்கள். கீழே விழுந்த ரொட்டித் துணுக்கையும் எடுத்து, பிஸ்மில்லாஹ் சொல்லி வாயில் இடுபவர்கள். கவளம் கீழே விழுந்தால் அதிலுள்ள தூசியை நீக்கி உண்ணுங்கள், ஷைத்தானுக்கு விட்டுவிடாதீர்கள் என்ற நபிமொழி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. உணவின் எந்தப் பகுதியில் பரக்கத் இருக்கிறது என்பதை நாம் அறியோம் என்பதும் அங்கேயே வருகிறது. மாமி அதனை ஏட்டில் படித்தவரல்லர், கையால் கடைப்பிடிப்பவர். அவர்களுடைய கேள்வி எனக்குச் சரியாகவே பட்டது. வீணாவதைத் தடுக்கிறேன் என்ற பெயரில் அதைவிடக் கூடுதலாகச் செலவிடுவதும் இஸ்ராஃப்தான். நல்ல எண்ணத்தின் உடையில் வருவதால் நாம் அதனை அடையாளம் காண்பதில்லை.

விடை அந்த ரொட்டியிலேயே இருந்தது. பிள்ளைகள் ஒதுக்கிவைக்கும் ஓரங்களையும், பொட்டலத்தின் இரு முனைத் துண்டுகளையும் வாணலியில் எண்ணெயின்றி வறுத்து, ஆறியபின் மிக்ஸியில் கொரகொரப்பாகப் பொடித்துக்கொள்ள வேண்டும். ரவையைவிடச் சற்றுப் பருமனாக இருந்தால் போதும்.

ஆறு துண்டுகளுக்கு இரண்டு முட்டை, அரை டம்ளர் பால், இரண்டு தேக்கரண்டி சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு, கொஞ்சம் ஏலப்பொடி. சர்க்கரை மிகுந்தால் உள்ளே வேகுமுன் வெளியே கருகிவிடும். வெனிலா சேர்க்க விரும்புவோர் புட்டியின் பின்புறத்தைப் படித்துவிடுங்கள். சாறாக விற்கப்படுபவற்றில் ஆல்கஹால் கணிசமாக இருக்கும். ஏலக்காய் இருக்கையில் அந்தக் கவலை எதற்கு?

ரொட்டி ஒன்றிரண்டு நாள் பழையதாக இருத்தல் நலம். புதிய ரொட்டி பாலில் குழைந்து கையோடு வந்துவிடும். பழையது வடிவம் குலையாமல் பாலை உறிஞ்சும். பக்கத்திற்குப் பத்து நொடி நனைத்து, தூளில் அழுத்திப் புரட்டி, ஐந்து நிமிடம் தட்டில் விட்டுவையுங்கள். இந்தப் பொறுமை இல்லையென்றால் தூள் எண்ணெயில் உதிர்ந்துவிடும். தட்டையான வாணலியில் அரை விரல் உயரத்திற்கு எண்ணெய் போதும். ஒரு துணுக்கைப் போட்டால் உடனே பொங்கி மேலே வரவேண்டும், அதுவே பதம். இருபுறமும் பொன்னிறமானதும் எடுத்துக் கம்பித் தட்டில் நிறுத்திவையுங்கள். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் ஆவியில் நமுத்து, பட்ட பாடெல்லாம் போய்விடும்.

ரொட்டியை நொறுக்குவது நம் வரலாற்றுக்கு நெருக்கமான செயல். பெருமானாரின் கொள்ளுப்பாட்டனார் அம்ரு, ஹஜ் பயணிகளுக்காக ரொட்டியை நொறுக்கிக் குழம்பிலிட்டு 'ஸரீத்' சமைத்து வழங்கியதால்தான் ஹாஷிம், அதாவது நொறுக்குபவர், என்ற பெயரைப் பெற்றார் என ஸீரா நூல்கள் கூறுகின்றன. பனூ ஹாஷிம் என்ற குலப்பெயரை என் மகன் மதரஸாவில் மனனம் செய்திருக்கிறான். அதற்குள் ஒரு ரொட்டி இருக்கிறது என்று சொன்னபோது, பொடித்துக்கொண்டிருந்த கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான்.

மாமிக்குப் பற்கள் குறைவு. மொறுமொறுப்பான ஓரத்தைக் கிள்ளிப் பேரனின் தட்டில் வைத்துவிட்டு, மென்மையான நடுப்பகுதியைச் சூடான பாலில் தொட்டு உண்கிறார்கள். தூள் மிஞ்சினால் மூடிவைக்கச் சொல்கிறார்கள், மறுநாள் கட்லெட்டுக்கு.