தாச்சியின் கருமை

புதிய இரும்புத் தாச்சி வாங்கிய அன்றே சமையலுக்கு உதவாது. கழுவி, ஈரமறச் சூடாக்கி, நல்லெண்ணெயை மெல்லிதாகப் பூசிப் புகையெழும்வரை காய்ச்ச வேண்டும், அதுவும் பன்முறை. வெப்பத்தில் எண்ணெய் இறுகிக் கருந்தோலாகி இரும்பைத் துருவினின்று காக்கிறது. புளிக்கறியை ஓரிரவு விட்டுவைத்தால் அத்தோல் சிதையும். மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

2022இல் எரிவாயு கிடைக்காமல் நகரங்களிலும் விறகடுப்பு மூண்டபோது, பிளாஸ்டிக் பிடியிட்ட ஒட்டாச் சட்டிகள் ஒதுங்கின. எங்கள் வீட்டில் அம்மாவின் பழைய தாச்சியே கைகொடுத்தது.

அதன் கருமையை அழுக்கென்று கருதுவாரும் உளர். அது அழுக்கன்று; நாள்தோறும் துடைத்து எண்ணெய் பூசிய கைகளின் உழைப்பு. சீதனக் கணக்கிலும் சம்பளக் கணக்கிலும் ஏறாத உழைப்பு. தாச்சியின் பெருமை பேசும் ஆடவராகிய நாம், இன்றிரவு உண்டெழுந்தபின் அதனைக் கழுவித் துடைத்து வைப்போமாக.