சாய்த்துப் பார்த்த வெளிச்சம்

கண்புரை ஆபரேஷன் முடிந்து, வெயிலுக்கென்று ஒரு கறுப்புக் கண்ணாடி வாங்கினேன். சைதாப்பேட்டை மெட்ரோ வாசலில் பேத்தி ஒரு வீடியோ காட்டினாள். பெரிதாகத் தெரியட்டும் என்று போனைப் படுக்கவாட்டில் திருப்பினால் திரை மொத்தமும் இருட்டு. ஆபரேஷன் செய்த கண் போயிற்று என்றே நினைத்தேன். "தாத்தா, கண்ணாடியைக் கழட்டுங்க" என்றாள். கழட்டினேன். போன் பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது.

அது போலரைஸ்டு கண்ணாடியாம். அந்த ஒரு சொல் என்னைப் புதுச்சேரிக்குக் கொண்டுபோய்விட்டது. நான் படித்தது பிரெஞ்சு வழியில். 1808இல் பாரிஸில் மாலுஸ் என்ற பொறியாளர், லுக்சம்பூர் அரண்மனை ஜன்னல்களில் பட்டுத் திரும்பிய சாயங்கால வெயிலை ஒரு படிகத்தின் வழியே பார்த்த கதையை எங்கள் முசியே நடித்தே காட்டுவார். படிகத்தைச் சுழற்றினால் வெளிச்சம் மங்கும், மறுபடி கூடும். ஒளி அலைக்கு அதிரும் திசை ஒன்று உண்டு. கண்ணாடியில் பட்டுத் திரும்பும்போது ஒரு திசை அதிர்வு மிகுந்துவிடுகிறது. தமிழ்ப் பாடப்புத்தகத்தில் இதற்குத் தளவிளைவு என்று பெயர்.

அந்தக் கதைக்காகவே இயற்பியல் படிக்க ஆசைப்பட்டுச் சென்னைக்கு வந்தேன். என் பிரெஞ்சுச் சான்றிதழ் எந்தப் பரீட்சைக்குச் சமம் என்று எழுதி வாங்கி வரச் சொன்னார்கள். அந்தக் காகிதம் வந்தபோது சேர்க்கை முடிந்திருந்தது. அதே காகிதத்தை வைத்துத்தான் அரசு வேலைக்கு விண்ணப்பித்தேன். பிறகு முப்பது வருஷத்துக்கு மேல், பிறர் ஃபைல்களில் 'சமநிலைச் சான்று இணைக்கவும்' என்று எழுதியவன் நான்!

மாலுஸ் ஜன்னலில் பார்த்ததை இப்போது கருந்துளையின் ஓரத்தில் பார்க்கிறார்கள். எம்87 என்ற விண்மீன் மண்டலம் சுமார் 5.5 கோடி ஒளியாண்டுத் தொலைவில் இருக்கிறது. அதன் நடுவிலுள்ள கருந்துளைக்குச் சூரியனைப்போல் 650 கோடி மடங்கு எடை. உள்ளே போன ஒளி திரும்பாது. ஆனால் ஓரத்திலிருந்து தப்பி வரும் ஒளி எந்தப் பக்கம் சாய்ந்து அதிர்கிறது என்பதை அளக்கலாம். ஆபீஸில் ஃபைல் அதிகாரி அறைக்குள் போய்விட்டால் அங்கே என்ன நடந்தது என்று நமக்குத் தெரியாது. திரும்பி வந்த ஃபைலில் இனிஷியல் சாய்ந்திருக்கும் விதத்தைப் பார்த்தே ஐயாவின் மனநிலையைச் சொல்லிவிடுவோம். அது மாதிரிதான் இதுவும். உலகின் பல ரேடியோ தொலைநோக்கிகளை ஒன்றாக இணைத்து, 2017 ஏப்ரலில் நான்கு நாள் எடுத்த பதிவுகளிலிருந்து அந்தச் சாய்வைக் கணக்கிட்டு 2021 மார்ச்சில் படமாக வெளியிட்டார்கள். சுழி சுழியாகக் கோடுகள். அங்குள்ள காந்தப்புலத்தின் அடையாளம் அது.

இன்னொரு சங்கதியும் உண்டு. ஆக்சியான் என்று ஒரு துகள் இருக்கலாம் என்கிறார்கள், யாரும் கண்டதில்லை. மிக மிக லேசான ஆக்சியான்கள் இருந்தால், சுழலும் கருந்துளையைச் சுற்றி மேகம்போலச் சேரும். அதைக் கடந்து வரும் ஒளியின் சாய்வு சில நாட்களுக்கு ஒருமுறை ஊஞ்சல் மாதிரி இப்படியும் அப்படியும் போய்வர வேண்டும். அந்த நான்கு நாள் பதிவுகளை வைத்தே தேடிப் பார்த்தார்கள். ஊஞ்சல் தென்படவில்லை. அந்த எடையுள்ள ஆக்சியான் ஒளியோடு இவ்வளவுக்கு மேல் உறவாட முடியாது என்று 2022இல் ஒரு வரம்பு கட்டினார்கள். இன்னும் நீண்ட நாள் பதிவு வேண்டும்.

நம் பிரசிடென்சி கல்லூரியில் படித்த சந்திரசேகர், எலக்ட்ரான்களில் சிதறி வரும் நட்சத்திர ஒளி, விளிம்பில் 11.7 சதவீதம் வரை தளவிளைவு பெறும் என்று 1946லேயே கணக்குப் போட்டார். கருந்துளையைச் சுற்றும் வாயுத் தட்டுக்கும் அந்தக் கணக்கை எடுத்தாள்கிறார்கள்.

2024 ஜனவரி 1 காலை 9.10க்கு எக்ஸ்போசாட் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பியது. எக்ஸ் கதிர்களின் தளவிளைவை அளக்கப் பெங்களூர் ராமன் ஆராய்ச்சி நிலையம் செய்த கருவி அதில் இருக்கிறது. பார்க்கலாம் என்று மொட்டை மாடிக்கு ஓடினேன். வடக்கே புதிதாக எழும்பிய அடுக்குமாடி மறைத்துக்கொண்டது.

இப்போது அந்தக் கட்டடத்தின் மேல் எனக்குக் கோபமில்லை. சாயங்காலம் அதன் ஜன்னல்களில் வெயில் தகதகக்கும்போது கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தலையை இடமும் வலமும் சாய்க்கிறேன். கூசுகிறது, மங்குகிறது, மறுபடி கூசுகிறது. "கழுத்து வலியா தாத்தா?" என்று கீழேயிருந்து பேத்தி கேட்கிறாள்.