முள்ளங்கி வயலில் முளைத்த சித்திரம்

நமது வீட்டுக் குழந்தைகள் "பொம்மைப் படம்" என்று சொல்லும் சலனச் சித்திரங்களில் பல, ஜப்பான் தேசத்திலிருந்து வருகின்றன. அவர்களுடன் உட்கார்ந்து பார்க்கும்போதெல்லாம் நமக்கு ஒரு சந்தேகம் எழுவதுண்டு. சித்திரம் எழுதுவதற்கு வேண்டியவை யாவை? காகிதம், பென்ஸில், மேஜை, விளக்கு, இவற்றுக்கு மேல் பொறுமை. சுரங்கமும் வேண்டாம், துறைமுகமும் வேண்டாம். அப்படியிருக்க, இத்தொழிலை நடத்தும் ஜப்பானியக் கம்பெனிகளில் பத்தில் எட்டுக்கு மேற்பட்டவை டோக்கியோவிலேயே நெருக்கியடித்துக் கொண்டிருப்பானேன்? மலையடிவாரத்துக் கிராமம் ஒன்றில், சொற்ப வாடகையில், பட்சிகளின் கானத்தைக் கேட்டுக் கொண்டே எழுதலாகாதா?

டோக்கியோவின் வடமேற்கு ஓரத்தில் நெரிமா என்று ஒரு வட்டாரம். முன்னாளில் அதற்குப் பெருமை தேடித் தந்தது நீண்டு பருத்த முள்ளங்கி. அங்கே ஓய்ஸுமி என்னுமிடத்தில் டோயி கம்பெனியாரின் ஸினிமா ஸ்டூடியோ இருந்தது. 1956-ல் சிறியதொரு சித்திரக் கம்பெனியை விலைக்கு வாங்கிய டோயி, மறு வருஷமே ஓய்ஸுமியில் சித்திரக்காரர்களுக்கெனத் தனி ஸ்டூடியோ எழுப்பிற்று. அதே ரயில் பாதையில் சற்றுத் தள்ளியுள்ள புஜிமிடாயில், பெயர் பெற்ற சித்திரக்கதை ஆசிரியர் டெஸுகா ஒஸாமு 1961-ல் முஷி என்ற ஸ்தாபனத்தைத் தொடங்கினார். 1963 ஜனவரி முதல் தேதியன்று அவருடைய இயந்திரச் சிறுவன் டெலிவிஷனில் தோன்றினான். பிறகு வாரந்தோறும் அரை மணி நேரம் தோன்றினான்.

வாரந்தோறும்! இச்சொல்லின் பயங்கரம் வாரப் பத்திரிகைக்கு எழுதுகிறவர்களுக்கு நன்கு தெரியும்.

அரை மணி நேரக் கதைக்குச் சில ஆயிரம் சித்திரங்கள் வேண்டும். ஒருவர் முக்கியமான நிலைகளை எழுதுவார்; இன்னொருவர் இடைப்பட்ட அசைவுகளை நிரப்புவார்; வேறொருவர் முகஜாடை மாறாமல் திருத்துவார்; பிறகு செல்லுலாய்ட் தகட்டில் வர்ணம் பூசிக் காமிராவின் கீழே வைப்பார்கள். இத்தனை பேரையும் மாதச் சம்பளத்தில் வைத்துக் காப்பாற்ற முதல் போதாது. ஆகவே வேலை துண்டு துண்டாகப் பிரிந்து சிறு கடைகளுக்கும், பல சமயம் சித்திரக்காரரின் வாடகை அறைக்குமே போயிற்று. அத்துண்டுகளைச் சேர்ப்பதற்கென்று ஓர் உத்தியோகம் உண்டு. இளைஞர் ஒருவர் நள்ளிரவில் மோட்டாரை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டி, முடிந்த காகிதங்களை உறையிலிட்டு வாங்கி, அடுத்தவர் மேஜையில் சேர்க்க வேண்டும். முடியாதிருந்தால் அங்கேயே உட்கார்ந்து காத்திருக்க வேண்டும். நமது அபிப்பிராயத்தில், சித்திர வட்டாரத்துக்கு எல்லை வகுத்தது அந்த மோட்டார்தான். ஓர் இரவில் அது சுற்றி வரக்கூடிய தூரத்துக்கு அப்பால் இருப்பவர், எத்தனை கெட்டிக்காரராயினும், வாரக் கெடுவுக்கு உதவமாட்டார்.

1973-ல் முஷி திவாலாயிற்று. சித்திரக்காரர்கள் ஊரை விட்டுப் போய்விட்டார்களா? இல்லை. முந்தின வருஷமே அங்கிருந்து பிரிந்தவர்கள் ஸன்ரைஸ், மாட்ஹவுஸ் முதலிய கம்பெனிகளை நகரத்தின் அதே மேற்குப் புறத்தில் ஆரம்பித்திருந்தார்கள்.

இந்நெருக்கத்தின் செலவைக் கொடுப்பவர் யார்? கம்பெனிக்கு லாபந்தான், வேண்டும்போது ஆள் கிடைக்கும், வேண்டாதபோது சம்பளமில்லை. இடைச் சித்திரம் எழுதும் இளைஞருக்கோ, சித்திரம் ஒன்றுக்குச் சுமார் 200 யென் என்பது நெடுங்காலம் வழங்கிய விகிதம். அதைக்கொண்டு டோக்கியோ வாடகையைக் கட்டியாக வேண்டும். பெற்றோர் அனுப்பும் பணத்தில் காலம் தள்ளுவோர் பலர். அதாவது, எங்கோ ஒரு வெளியூர்த் தகப்பனார் தலைநகரத்துக் கம்பெனிக்குத் தம்மையறியாமல் மானியம் அளித்து வருகிறார்!

1990-களின் இறுதியில் செல்லுலாய்ட் விலகிக் கம்ப்யூட்டர் வந்தது. மோட்டார் ஓய்ந்தால் கூட்டமும் கலையும் என்றுதானே எதிர்பார்க்க வேண்டும்? கலையவில்லை. 1986-லேயே மணிலாவில் கிளை கண்டிருந்த டோயிக்கு, இடைச் சித்திரமும் வர்ணமும் கடல் கடந்து கணத்தில் போய் வருவது சாத்தியமாயிற்று. யோசனை பண்ணும் வேலையோ டோக்கியோவை விட்டு அசையவில்லை. தண்ணீரைத் தத்ரூபமாக எழுதுபவர் யார், குதிரையை ஓடவைக்கத் தெரிந்தவர் யார் என்ற விவரமெல்லாம் பட்டியலில் அகப்படுவதில்லை. பக்கத்து மேஜைக்காரரிடம் கேட்டால் அகப்படும்.

விதிவிலக்கான ஊர்களும் இல்லாமலில்லை. முஷியில் வர்ணம் பூசப் பழகிய ஹட்டா யோகோ என்ற பெண்மணி, கல்யாணத்துக்குப் பின்னர், கியோட்டோவை அடுத்து, தேயிலைக்குப் பெயர் பெற்ற ஊஜியில் குடியேறினார். 1981-ல் அக்கம் பக்கத்துக் குடும்ப ஸ்திரீகளைச் சேர்த்துக்கொண்டு, டோக்கியோ கம்பெனிகளுக்கு வர்ணம் பூசிக் கொடுக்கலானார். அதுவே பின்னர் கியோட்டோ அனிமேஷன் ஆயிற்று. மோட்டார் எட்டாத ஊரில் நினைத்தபோது கூலிக்கு ஆள் பிடிக்க முடியாதல்லவா? தாமே கற்பித்து, மாதச் சம்பளம் கொடுத்து, தம் கட்டடங்களிலேயே வைத்துக்கொண்டார்கள். தூரமே அவர்களை நல்ல எஜமானர்களாக்கிற்று என்று நமக்குத் தோன்றுகிறது.

2019 ஜூலை 18-ந் தேதி அக்கட்டடங்களுள் ஒன்றில் ஒருவன் தீ வைத்தான். 36 பேர் மாண்டனர். டோக்கியோவானால் பல வீடுகளில் சிதறியிருக்கக்கூடிய தேர்ந்த கைகள், இங்கே ஒரே கூரையின் கீழ் இருந்தன. அவர்களுக்குப் பதிலாகக் கூப்பிட அடுத்த தெருவில் வேறு சித்திரக்காரர் இல்லை. ஆயினும் கம்பெனி ஊஜியை விட்டுப் போகவில்லை. அப்பொழுது தயாராகிக் கொண்டிருந்த "வயலட் எவர்கார்டன்" படத்தை எஞ்சியவர்கள் எழுதி முடித்தார்கள். 2020 செப்டம்பரில் அது வெளிவந்தது.