நாக்கு கேட்டது

எல்லோரும் உறங்கும் மதிய நேரத்தில் கோட்டையூர் வீட்டின் இரண்டாம் கட்டிலிருந்து நெய் வாசம் வந்தால், ஆயா கும்மாயம் கிண்டுகிறார் என்று அர்த்தம். எனக்கு அப்போது ஒன்பது வயது. "இன்னைக்கு என்ன விசேஷம் ஆயா?" என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்லத்தா. நாக்கு கேட்டுச்சு." சொல்லும்போது கதவைப் பார்த்துக்கொண்டார்.

ஐயா இறந்தபோது ஆயாவுக்கு 26 வயது. அதன்பின் நல்ல காரியங்களில் பலகாரச் சட்டி வைக்கும் இடத்துக்கு அவரை யாரும் கூப்பிட்டதில்லை. மாவரைக்க மட்டும் கூப்பிட்டார்கள்.

எங்கள் பக்கத்தில் இனிப்புக்கு ஒரு காரணம் வேண்டும். கல்யாணம், தீபாவளி, விருந்தாளி. கும்மாயத்துக்கு ஆடிக் கும்மாயம் என்றே பெயர். நான் பெரியவளானபோது தினமும் உளுந்தில் செய்து கொடுத்தார்கள். இடுப்புக்குப் பலமாம். தின்றவள் நான், பலம் என்றோ பிறக்கப்போகும் பிள்ளைக்கு. ஆயா சொன்ன காரணம் மட்டும்தான் இந்தக் கணக்கில் சேரவில்லை.

கும்மாயம் கிண்டுவது சுலபம். வெள்ளை உளுந்து நான்கு பங்கு, பாசிப்பருப்பு ஒரு பங்கு, பச்சரிசி ஒரு பங்கு. வெறும் சட்டியில் தனித்தனியாக வாசம் வர வறுத்து, நைசாக அரைத்துச் சலித்து வைத்துக்கொள்ள வேண்டும். வேண்டியபோது ஒரு கிண்ணம் மாவை நெய்யில் லேசாகப் புரட்டி, ஒன்றரைக் கிண்ணம் கருப்பட்டியும் வெல்லமும் மூன்று கிண்ணம் தண்ணீரில் கரைத்து வடிகட்டி ஊற்றி, கட்டி தட்டாமல் கிண்ட வேண்டும். இடையிடையே நெய். நனைத்த விரலால் தொட்டால் ஒட்டக் கூடாது. கால் மணி நேரம் போதும்.

ஆனால் அந்தக் கால் மணி நேரத்துக்கு முன்னால் திருகை இருக்கிறது. வீடு முழுமைக்கும் மாவரைத்த ஆயா, பழைய பால்பவுடர் டின்னில் தன் பங்கை எடுத்து அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்திருந்தார். அவர் தனக்கென்று ஒளித்துவைத்த ஒரே சொத்து அதுதான் என்று நினைக்கிறேன்.

கோட்டையூரில் ரோஜா முத்தையா திரட்டிய நூல்களும் இதழ்களும் கல்யாணப் பத்திரிகைகளும் 1994 முதல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக இருக்கின்றன. முனைவர் பட்ட ஆய்வுக்காகப் பல நாள் அங்கே உட்கார்ந்திருக்கிறேன். ஒருமுறை பழைய கல்யாணப் பத்திரிகை ஒன்றைப் படித்தபோது, இந்தக் கல்யாணத்துக்கு மாவரைத்தவள் யாராக இருக்கும் என்று தோன்றியது. அவள் பெயரைப் பத்திரிகையில் யார் போடுவார்கள்?

சென்ற ஆண்டு வகுப்பில் மாணவிகளிடம் கேட்டேன்: "உங்களுக்காக மட்டும் கடைசியாக என்ன செய்து சாப்பிட்டீங்க?" கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு ஒருத்தி, "எனக்கு மட்டும்னா மேகிகூடப் போட மாட்டேன்மா. யாரு பாத்திரம் கழுவுறது?" என்றாள். எல்லோரும் சிரித்தோம். நானும் அப்படித்தான் இருந்தேன் என்பதை அவர்களிடம் சொல்லவில்லை.

அன்று மாலை கும்மாயம் கிண்டினேன். வாசம் பிடித்து வந்த மகன், "யாரும்மா வர்றாங்க?" என்றான்.

"யாரும் வரலை. நாக்கு கேட்டுச்சு."

தனக்கும் வேண்டும் என்றான். என் கிண்ணத்திலிருந்து ஒரு வாய் கொடுத்தேன். பிறகு மாவு டின் எங்கே இருக்கிறது என்று காட்டினேன்.