என் கையில ஒரு பிளேடு!

'நல்லதா ஒரு பிளேடு வாங்கணும்டி'ன்னு நான் சொன்னதும் என் ரூம்மேட் புத்தகத்துல இருந்து தலையைக்கூட நிமிர்த்தலை. 'எதுக்கு? நீ பேசுறது பத்தாதா?'ன்னா.

சிரிச்சு முடிச்சுட்டீங்களா? சரி, விஷயத்துக்கு வருவோம். டேபிள் டென்னிஸ் பேட்ல ரெண்டு பக்கமும் ஒட்டியிருக்கிற ரப்பரை உரிச்சு எடுத்துட்டா, கைப்பிடியோட ஒரு மரப்பலகை மிச்சம் இருக்கும் பாருங்க... அதுக்குப் பேர்தான் பிளேடு. கடையில ரெடிமேடா தொங்குற பேட்டை வாங்குறவங்க இதைப் பத்திக் கவலைப்படுறதில்லை. கொஞ்சம் சீரியஸா ஆட ஆரம்பிச்சா, பிளேடு தனியா, ரப்பர் தனியா வாங்கி ஒட்டிக்கணும். எனக்கு வினை அங்கேதான் ஆரம்பிச்சது.

நான் எலெக்ட்ரானிக்ஸ், தேர்ட் இயர். எங்க லேடீஸ் ஹாஸ்டல் டி.டி. டேபிள்ல பாதி நாள் அயர்ன் பாக்ஸும் பெட்ஷீட்டும்தான் கிடக்கும். மீதி நாள் அது என் ராஜ்யம். செகண்ட் இயர்லயே காலேஜ் டீம்ல இடம் கிடைச்சுடுச்சு, ஆனா நாலாவது ஆளா! ஆடப்போறது மூணு பேர். நாலாவது ஆளுக்கு என்ன வேலைன்னு உங்களுக்கே தெரியும். போகும்போது பஸ்ல ஜன்னல் சீட்டு, போய்ச் சேர்ந்ததும் பெஞ்ச் சீட்டு. இந்த வருஷம் எப்படியாவது அந்த மூணு பேர்ல ஒருத்தி ஆகிடணும்னு வெறி.

அந்த நேரம் பார்த்து ராஜபாளையத்துல இருந்து அப்பா மூவாயிரம் ரூபாய் அனுப்பினார். மினி பிராஜெக்ட்டுக்கு கிட் வாங்க. அப்பாவுக்கு மில்லுல வேலை. அந்தப் பணத்துக்கு எத்தனை ஓவர்டைம் பார்த்தார்னு நான் கேட்கலை.

நான் வாங்கினது கிட் இல்லை. கார்பன் பிளேடு.

பிராஜெக்ட்? கிளாஸ்மேட் போர்டுல தொத்திக்கிட்டேன். டிமான்ஸ்ட்ரேஷன் அன்னிக்கு எல்.ஈ.டி. எரிஞ்சது, யாரும் எதுவும் கேட்கலை.

பிளேடு பார்க்க அவ்வளவு அழகு! பந்தைத் தட்டினா 'டிங்'னு ஒரு சத்தம். அட்டைப் பெட்டியில ஸ்பீடுக்கு நேரா பெரிய நம்பர். (அந்த நம்பரை நம்பாதீங்க மக்களே. ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு அளவுகோல். ஒரு கம்பெனியோட 90-ஐ இன்னொரு கம்பெனியோட 10-கூட ஒப்பிடவே முடியாது.)

டீம் செலக்‌ஷன்ல என் எதிர்ல வந்து நின்னது ஒரு ஃபர்ஸ்ட் இயர் பொண்ணு. ஆடுறதுக்கு முன்னாடி பேட்டை எதிராளிகிட்ட காட்டணும்ங்கிறது ரூல். நான் பந்தாவா நீட்டினேன். அவ நீட்டினது ஓரமெல்லாம் டேப் சுத்தின பழைய பேட். 'எங்க அக்கா ஆடினதுக்கா'ன்னா. மனசுக்குள்ள ஜெயிச்சே முடிச்சுட்டேன்.

மூணு செட். மூணும் போச்சு. அவ அப்படி ஒண்ணும் அடிச்சு நொறுக்கலை. என் பந்தெல்லாம் அரை அடி, ஒரு அடி தாண்டித் தாண்டி விழுந்துச்சு. நெட்டுக்குப் பக்கத்துல மெதுவா வைக்கணும்னு புஷ் பண்ணினா, டேபிளோட அந்தக் கோடி வரைக்கும் போய் அவ ஷாட்டுக்கு வாகா எகிறி நிக்குது. கடைசி செட் முடிஞ்சதும் எங்க பி.டி. மேடம் கேட்டாங்க: 'பந்து உன் பேச்சைக் கேட்குதா, நீ பந்து பேச்சைக் கேட்குறியா?'

ரெண்டு நாள் சோறு இறங்கலை. மூணாவது நாள், நாமளும் இன்ஜினீயரிங் படிக்கிறோமேன்னு உறைச்சது. (நம்ம சத்யன் ஞானசேகரனும் இன்ஜினீயரிங் முடிச்சவர்தான். 2019-ல உலக ரேங்கிங்ல முதல் 25 பேருக்குள்ள வந்தார். எனக்கும் அவருக்கும் உள்ள ஒற்றுமை இன்ஜினீயரிங்கோட சரி.) வெட்கத்தை விட்டு அந்த ஜூனியர்கிட்டயே போய் பேட்டைக் கடன் கேட்டேன். 'தாராளமாக்கா'ன்னு எடுத்துக் கொடுத்தா. டேப்பைப் பிரிச்சுப் பார்த்தா, ஸ்டிகா ஆல்ரவுண்ட் கிளாசிக். 1960-கள்ல இருந்து வந்துக்கிட்டிருக்கிற, அஞ்சு அடுக்கு மரம் மட்டுமே உள்ள பிளேடு. எங்க கேப்டன்கிட்ட ஸ்டிகா கிளிப்பர் இருந்தது. அதுவும் முழுக்க மரம்தான், ஆனா ஏழு அடுக்கு. மூணாவது, என் கார்பன்.

ஒப்பிடணும்னா ரப்பர் ஒண்ணா இருக்கணும் இல்லையா? அதனால என் ரப்பர் ஜோடியையே ஒவ்வொரு பிளேடுலயும் மாத்தி மாத்தி ஒட்டினோம். உரிக்க, பசை தடவ, காய வைக்கன்னு ஒரு ஞாயித்துக்கிழமை மொத்தமும் போச்சு. அயர்ன் பண்ண வந்த சீனியர்கள்கிட்ட வாங்கின திட்டு தனிக் கணக்கு.

முதல்ல ஸ்பீடு. ஓங்கி அடிச்சா கார்பன்தான் ராஜா, சந்தேகமே இல்லை. அடுத்தது கிளிப்பர். அஞ்சு அடுக்கு கடைசி. ஆனா பத்து பந்து ஓங்கி அடிச்சா டேபிள்ல விழுந்தது எத்தனைன்னு எண்ண ஆரம்பிச்சப்போ வரிசை அப்படியே தலைகீழ்! கேப்டன் டாப்ஸ்பின் போட, நான் பிளாக் பண்ணினேன். இதுல கிளிப்பர் சுவர் மாதிரி நின்னுச்சு, எனக்கே ஆச்சரியம். கார்பன்ல பட்ட பந்து, வந்த வேகத்தோட என் வேகத்தையும் சேர்த்து எடுத்துக்கிட்டு எங்கேயோ போச்சு. அஞ்சு அடுக்குல பந்து ஒரு கணம் உள்ளே அமுங்கி, 'எங்கே போகணும், சொல்லு'ன்னு கேட்டுட்டுப் போற மாதிரி இருந்தது. அதைத்தான் 'ஃபீல்'னு சொல்றாங்க போல. கையில உணர்ந்தா ஒரு நிமிஷத்துல புரியுது, வாயால சொல்றது கஷ்டம்.

காரணம் என்னன்னா, பிளேடு எவ்வளவு விறைப்பா இருக்கோ அவ்வளவு குறைவா வளையும். பந்து சட்டுனு கிளம்பிடும். கோணத்துல நீங்க செய்ற சின்னத் தப்புகூட டேபிளோட அந்தப் பக்கத்துல பெரிய தப்பா போய் நிக்கும். மெக்கானிக்கல் பசங்களைக் கேளுங்க: ஒரே மரத்துல பத்து சதவிகிதம் கனம் கூட்டினா, வளையாத தன்மை முப்பது சதவிகிதத்துக்கு மேல எகிறும். அடுக்கு கூடக்கூட அதான் நடக்குது. வெளி அடுக்கு லிம்பா மாதிரி மெதுவான மரமா இருந்தா பந்து அமுங்கும், கோட்டோ மாதிரி கெட்டியா இருந்தா தெறிக்கும். இன்னொரு காமெடி தெரியுமா? கார்பன் பிளேடுன்னு பேரே தவிர அதுலயும் பெரும்பாலும் மரம்தான். கனத்துல 85 சதவிகிதமாவது இயற்கை மரமா இருக்கணும்ங்கிறது சர்வதேச விதி. ஒரு நார் அடுக்கு 0.35 மில்லிமீட்டருக்கு மேல போகக் கூடாது. ஜெராக்ஸ் பேப்பர் மூணை அடுக்கின கனம்! அதுக்குத்தான் நான் அப்பா காசைக் கொட்டியிருக்கேன்.

அப்போ கார்பன் குப்பையான்னு கேட்காதீங்க. தினமும் மணிக்கணக்கா கோச் முன்னாடி ஆடுறவங்களுக்கு அது வரம். வாரத்துல நாலு நாள், அதுவும் எட்டு மணிக்கு ஹாஸ்டல் கேட் பூட்டுற வரைக்கும் ஆடுற என்னை மாதிரி ஆளுக்கு இல்லை. அதே மாதிரி அஞ்சு அடுக்குலயும் ஒரு தொந்தரவு இருக்கு. சும்மா மணிக்கட்டைத் திருப்பினா பாயிண்ட் வராது. கை, இடுப்பு எல்லாத்தையும் போட்டு முழுசா அடிக்கணும், அப்படியும் பந்து திரும்பி வரும்! என்னைக் கேட்டா, மூணுல ஒண்ணுதான்னு சொன்னா எனக்குப் பிடிச்சது கிளிப்பர். ஆனா அது கேப்டனோடது, என் பட்ஜெட்டுக்கு எட்டாதது.

ஃபீல்னு நான் சொன்னது கட்டுக்கதைன்னு நினைக்கிறவங்களுக்கு ஒரு சம்பவம். 2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸ்ல சீனாவோட வாங் சூச்சின், கலப்பு இரட்டையர் தங்கம் ஜெயிச்ச கொண்டாட்டத்துல போட்டோகிராபர்கள் கூட்டம் அவர் பேட்டை மிதிச்சு உடைச்சுடுச்சு. மறுநாள் மாற்று பேட்டோட ஒற்றையர் ஆட்டத்துல இறங்கி, ஸ்வீடனோட ட்ரூல்ஸ் மோரெகார்ட்கிட்ட தோத்துட்டார். அப்போ அவர் உலகத்துல நம்பர் ஒன்! தோல்விக்கு பேட்தான் காரணம்னு சொல்லிட முடியாது. ஆனா உடைஞ்ச பேட்டைக் கையில வெச்சுக்கிட்டு நின்ன அந்த முகத்தைப் பாருங்க.

கடைசியில கார்பனை ஒரு மெக்கானிக்கல் பையன்கிட்ட பாதி விலைக்குத் தள்ளினேன். (தம்பி, இதைப் படிச்சா மன்னிச்சுக்கோ. நீ நல்லா அடிக்கிறே, உனக்கு சரிப்படும்.) வந்த காசுல சீனாவுல செஞ்ச, அஞ்சு அடுக்கு மர பிளேடு ஒண்ணு வாங்கினேன். யின்ஹே, 729 மாதிரி கம்பெனிகள்ல நம்ம பட்ஜெட்டுக்குத் தேறும். வாங்கும்போது எடை போட்டுப் பாருங்க. மரம் இல்லையா, ஒரே மாடல்ல ரெண்டு பிளேடே சில கிராம் வித்தியாசப்படும். எனக்கு 85 கிராம் பக்கம் வந்தாலே மணிக்கட்டு வலிக்குது.

இப்பவும் நான் டீம்ல நாலாவது ஆள்தான். அந்த ஜூனியரோட பிராக்டீஸ்ல நாலு மேட்ச் ஆடினா ஒண்ணு ஜெயிக்கிறேன். புஷ் மட்டும் இப்போ நெட்டுக்குப் பக்கத்துலயே நிக்குது.

எங்க அப்பா ஞாயித்துக்கிழமை பேப்பரோட வர்ற இணைப்பை வரி விடாம படிக்கிற ஆளு. அப்பா, இங்கே வரைக்கும் வந்துட்டீங்களா? அந்த மூவாயிரம் கிட்டுக்குப் போகலைப்பா. இந்தக் கட்டுரைக்கு வர்ற சன்மானத்தை அப்படியே அனுப்பிடறேன், மிச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமா தர்றேன். சாயந்திரம் ஷிப்ட் முடிஞ்சதும் போன் பண்றேன். திட்டுறதை அப்போ திட்டுங்க.